புதுச்சேரிக் கடற்கரையில் ஆழிப்பேரலை நினைவும் மீள்கட்டுமானமும்

புதுச்சேரிக் கடற்கரையில் ஆழிப்பேரலை நினைவும் மீள்கட்டுமானமும் என்பது, டிசம்பர் 26, 2004 அன்று இந்தியப் பெருங்கடலில் உருவான ஆழிப்பேரலையில் (சுனாமி) இறந்தோரைப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கடலோர மக்கள் நினைவுகூரும் முறைகளையும், அதன் பின் தம் வாழ்வை மீளக் கட்டியெழுப்பிய வழிகளையும் குறிக்கும். இவ்வொன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் அப்பேரலையில் இறந்தனர். இக்கட்டுரை புதுச்சேரி நகருக்கு வடக்கே உள்ள காலாப்பட்டுக் கடற்கரையை முதன்மையாகக் கொண்டு, அதனுடன் தொடர்புடைய பிற இடங்களையும் விளக்குகின்றது.

துயரத்தை நினைவில் வைத்திருத்தலும் எதிர்காலத்தைக் கட்டியெழுப்புதலும் ஒன்றுக்கொன்று முரணானவை எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. கடலோர ஊர்களின் பட்டறிவு இதற்கு மாறானது. பேரலையின் நினைவு மக்களின் நடைமுறை அறிவாக நிலைபெற்ற இடங்களில் அடுத்த பேரலையின்போது உயிர்கள் காக்கப்பட்டுள்ளன. நினைவு அற்றுப்போன இடங்களில் இழப்பு பெரிதாக இருந்துள்ளது.

காலாப்பட்டு

காலாப்பட்டு, புதுச்சேரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. இது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டப் பகுதிகளால் சூழப்பட்டு, புதுச்சேரியின் ஏனைய நிலப்பரப்பிலிருந்து பிரிந்து கிடக்கும் ஒரு துண்டு நிலமாகும். புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுக்குச் செல்வோர் இடையே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடக்க வேண்டும். பிரெஞ்சு இந்தியாவின் எல்லைகள் துண்டு துண்டாக அமைந்திருந்ததன் எச்சமே இது. பிரெஞ்சுப் பகுதிகள் 1954 நவம்பர் 1 இல் இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தன. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 இல் நிறைவுற்றது.

பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம், பிள்ளைச்சாவடி ஆகியவை இங்குள்ள கடலோர ஊர்கள். மீன்பிடித்தல் இவற்றின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. 1985 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமும், அரசு சட்டக் கல்லூரியும், மத்திய சிறைச்சாலையும் காலாப்பட்டில் உள்ளன. சாலைக்குக் கிழக்கே கடலும் மணற்பரப்பும் மீனவர் குடியிருப்புகளும் அமைய, மேற்கே நிலம் செம்மண் மேடாக உயர்ந்து செல்கின்றது.

2004 ஆழிப்பேரலை

உருவான விதம்

டிசம்பர் 26, 2004 அன்று இந்திய நேரம் காலை 6:29 மணிக்கு, இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் 9.1 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கு இந்தியப் புவித்தட்டு, பர்மாத் தட்டின் கீழ் அமிழ்ந்து செல்கின்றது. ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் புவித்தட்டுகளின் எல்லை பிளவுற்று, கடலடித் தரை திடீரென உயர்ந்ததால், அதன் மேலிருந்த நீர்த்திரள் முழுவதும் இடம்பெயர்ந்து அலைகளாகப் பரவியது.

ஆழ்கடலில் ஆழிப்பேரலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். ஆனால் அது மணிக்கு 700 முதல் 800 கி.மீ. வரையான வேகத்தில் செல்லும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் குறைந்து அலை உயர்ந்து எழும். அன்று ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் அலை தம் படகைக் கடந்து சென்றதையே உணராமல், கரை திரும்பிய பின்னரே அழிவைக் கண்டதற்கு இதுவே காரணம்.

இழந்த இரண்டரை மணி நேரம்

அலை தமிழ்நாடு, புதுச்சேரிக் கடற்கரையைக் காலை 9 மணியளவில் அடைந்தது. நிலநடுக்கத்துக்கும் அலை வந்து சேர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவு நடந்து மேட்டு நிலத்தை அடைவதற்கு இந்நேரம் போதுமானது. எனினும், அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. பசிபிக் பெருங்கடலில் அத்தகைய அமைப்பு பல பத்தாண்டுகளாக இயங்கி வந்தது.

கடல் உள்வாங்கியதைக் கண்ட இடங்களில் மக்கள் பலர் வியப்புடன் கடலை நோக்கிச் சென்றனர். கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்குவது பேரலையின் முன்னறிகுறி என்பது பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்கவில்லை. கடல் நிலத்தை விழுங்குவதைக் குறிக்கும் கடற்கோள் என்ற சொல் தமிழில் நெடுங்காலமாக உண்டு. காவிரிப்பூம்பட்டினம் கடலால் கொள்ளப்பட்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. 1881 இல் கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கமும், 1883 இல் கிரக்கத்தோவா எரிமலை வெடிப்பும் உருவாக்கிய சிறு பேரலைகள் இந்தியக் கடற்கரை நீர்மட்ட அளவிகளில் பதிவாகியுள்ளன. சொல்லும் இலக்கியமும் பதிவேடும் இருந்தும், கரையில் நிற்பவருக்கு உதவும் அறிவாக அவை எஞ்சவில்லை.

பாதிப்பு

இப்பேரலையால் இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் 10,749 பேர் இறந்ததாகவும் 5,640 பேர் காணாமற்போனதாகவும் அரசு அறிவித்தது. காணாமற்போனோரில் பெரும்பாலானோர் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் 6,000 க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் இறப்புகளில் பெரும்பகுதி காரைக்காலில் நிகழ்ந்தது. அங்கு காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி ஆகிய மீனவர் ஊர்கள் கடும் அழிவைச் சந்தித்தன. புதுச்சேரிப் பகுதியில் இறந்தோர் எண்ணிக்கை நூற்றைக் கடந்தது. நகரின் மையப் பகுதியைக் கடலோரத்தில் உள்ள உயர்ந்த கற்சுவரும் அதன் முன் கொட்டப்பட்டிருந்த பாறைகளும் பெருமளவு காத்தன. இத்தகைய அரண் இல்லாத வடக்கு, தெற்கு மீனவர் ஊர்களை அலை நேரடியாகத் தாக்கியது. காலாப்பட்டு உட்பட இவ்வூர்களில் கரையில் நிறுத்தப்பட்டிருந்த கட்டுமரங்களும் படகுகளும் வலைகளும் அழிந்தன.

இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் மிகுதியாக இருந்தனர். 2005 இல் ஆக்சுபாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, கடலூர் மாவட்டத்தில் இறந்தோரில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆண்களில் பலர் கடலில் இருந்தனர். பெண்கள் மீன் வாங்கவும் பிரிக்கவும் கரையில் காத்திருந்தனர். பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் வீட்டிலும் மணலிலும் இருந்தனர். நீச்சல் அறியாமை, சேலையும் நீண்ட கூந்தலும் சிக்கிக்கொண்டமை, பிள்ளைகளைத் தேடிப் பின்தங்கியமை ஆகியவை பெண்களின் இறப்புக்குக் காரணங்களாகக் குறிப்பிடப்படுகின்றன.

நல்லவாடு: ஓர் ஒலிபெருக்கியின் பயன்

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊரான நல்லவாடு, ஒரே அறிவிப்பால் உயிரிழப்பைத் தவிர்த்த ஊராக அறியப்படுகின்றது. எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி ஊர்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது. மீனவர் ஊர்களில் கடல் அலையின் உயரம், காற்று, மீன் விலை ஆகியவை இம்மையங்களிலிருந்து ஒலிபெருக்கி வழியே நாள்தோறும் அறிவிக்கப்பட்டன.

பேரலை நாளன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே அனைவரையும் வெளியேறுமாறு அறிவித்தனர். படகுகளும் வீடுகளும் சேதமடைந்தபோதும், ஊரில் இருந்த ஏறத்தாழ 3,600 பேரும் உயிர் தப்பினர். நாள்தோறும் பயன்பட்டு வந்த கருவியாதலால் அதன் குரலை ஊர் நம்பியது என்பது இந்நிகழ்விலிருந்து பெறப்படும் பாடமாகும். ஆபத்து வரும் நாளுக்கென மட்டும் அமைக்கப்படும் கருவிகள் இந்நம்பிக்கையைப் பெறுவது கடினம்.

நினைவுகூரும் முறைகள்

டிசம்பர் 26 ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால், தமிழ்நாட்டுக் கடலோரங்களில் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. இதன் பொதுவான கூறுகள் வருமாறு:

- கடலில் பால் ஊற்றுதலும் மலர் தூவுதலும்
- மெழுகுவர்த்தி ஏந்தி அமைதி ஊர்வலம் செல்லுதல்
- நினைவுத் தூண்களிலும் கூட்டாகப் புதைக்கப்பட்ட இடங்களிலும் அஞ்சலி செலுத்துதல்
- மீனவர் பலர் அன்று கடலுக்குச் செல்லாதிருத்தல்

இறந்தவருக்குப் பால் ஊற்றுதல் தமிழர் இறப்புச் சடங்குகளில் ஒன்று. உடல் கிடைத்தோருக்கு அடக்கம் செய்த இடத்தில் செய்யப்படும் இச்சடங்கு, பேரலையில் இறந்தோருக்குக் கடலிலேயே செய்யப்படுகின்றது. பிழைப்புத் தருவதும் அதே கடல், உயிர்களைக் கொண்டதும் அதே கடல் என்பதால், இச்சடங்கு துயரத்தையும் கடலுடனான உறவு தொடர்வதையும் ஒருங்கே வெளிப்படுத்துகின்றது. கடலைத் தாயாகக் கருதும் மீனவர், மறுபடியும் கடலுக்குச் செல்வதற்கு முன் அதனுடன் சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், குளச்சல், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் நினைவிடங்கள் உள்ளன. 2024 இல் இருபதாம் ஆண்டு நினைவு கடைப்பிடிக்கப்பட்டது. அவ்வாண்டு இருபது வயதை எட்டாத எவரும் பேரலையைக் கண்டவர் அல்லர். கண்டவரின் நினைவு, காணாத தலைமுறைக்குக் கைமாற வேண்டிய கட்டத்தில் இக்கடற்கரை உள்ளது.

மீள்கட்டுமானம்

வீடும் நிலமும்

நிரந்தர வீடுகளைக் கட்டும் பணி 2005 முதல் அரசு, தொண்டு நிறுவனங்கள், பன்னாட்டு உதவி ஆகியவற்றின் மூலம் நடைபெற்றது. உலக வங்கி 2005 மே மாதத்தில் தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றுக்கான அவசர மீள்கட்டுமானத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவ்வாறு உருவான பல குடியிருப்புகள் இன்றும் மக்கள் வழக்கில் "சுனாமி குடியிருப்பு" என்றே அழைக்கப்படுகின்றன. பேரலையின் பெயர் அஞ்சல் முகவரியில் நிலைத்துவிட்டது.

வீடுகளை எங்கே கட்டுவது என்பதே கடினமான வினாவாக இருந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடியமர்த்துவது பாதுகாப்பானது என அரசுகள் கருதின. மீனவருக்கோ படகையும் வலையையும் காவல் காக்கவும், காற்றையும் நீரோட்டத்தையும் கண்டறியவும், மீன் வந்தவுடன் விற்கவும் கரையருகே வாழ்வது தேவையானது. தாம் காலி செய்யும் நிலம் சுற்றுலா விடுதிகளுக்குச் சென்றுவிடும் என்ற அச்சமும் அவர்களிடையே இருந்தது. புதிய வீட்டைப் பெற்றபோதும் கரையிலிருந்த பழைய வீட்டைக் கைவிடாத குடும்பங்கள் பல உண்டு.

தொழில்

உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைப் பெருமளவில் வழங்கின. இதனால் பல ஊர்களில் கட்டுமரங்கள் அருகி, இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. தொழில் விரைந்து மீண்டது. எனினும் பேரலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகள் மிகுதியானமையால் கரையோர மீன்வளத்தின் மீது அழுத்தம் கூடியது.

உதவிகளைப் பங்கிடுவதில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் முதன்மைப் பங்கு வகித்தன. அனைத்துக் குடும்பங்களுக்கும் சமப் பங்கு என்ற அவற்றின் மரபு பூசல்களைக் குறைத்தது. அதேவேளை, பஞ்சாயத்தில் வரி செலுத்தும் ஆண் இல்லாத குடும்பங்கள், கணவரை இழந்த பெண்கள், கரையோரம் கூலி வேலை செய்த தலித் மக்கள் ஆகியோர் பல இடங்களில் விடுபட்டனர் என்ற குறைபாடும் பதிவாகியுள்ளது.

குடும்பமும் மனமும்

பிள்ளைகள் அனைவரையும் இழந்த பெற்றோரில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு மீண்டும் கருவுற உதவும் மறு அறுவை சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு 2005 இல் இலவசமாக வழங்கியது. அதன் பயனாகப் பிறந்த குழந்தைகள் இறந்த உடன்பிறந்தோரின் படங்கள் மாட்டப்பட்ட வீடுகளில் வளர்ந்தனர்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனம், ஊர்த் தொண்டர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி அளித்தது. இழப்பைப் பேசவிடாமல் தடுப்பதைவிட, பேசுவதைக் கேட்க ஒருவர் இருப்பதும் வழக்கமான வேலைக்குத் திரும்புவதும் பெரும்பாலானோரின் துயரம் தணிய உதவுகின்றன என்பது இத்தகைய பயிற்சிகளின் அடிப்படையாகும்.

முன்னெச்சரிக்கை

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. நிலநடுக்க மானிகள், ஆழ்கடலில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், கடற்கரை நீர்மட்ட அளவிகள் ஆகியவற்றின் தரவுகளை இது பயன்படுத்துகின்றது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வெளியிடப்பட்டு, இந்தியக் கடலோரங்களில் மக்கள் வெளியேறினர். புவித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் அன்று பெரிய அலை உருவாகவில்லை.

கருவிகள் எச்சரிக்கையை மாவட்டத் தலைநகர் வரை கொண்டு சேர்க்கும். கடைசிச் சில நூறு மீட்டரில் எந்தத் தெரு வழியே, யாரைத் தூக்கிக்கொண்டு, எந்த மேட்டுக்குச் செல்வது என்பதை ஊரே அறிந்திருக்க வேண்டும். இவ்வாறு ஆயத்தமான ஊர்களை யுனெசுக்கோவின் பன்னாட்டு அரசுகளுக்கிடையான பெருங்கடலியல் ஆணையம் அங்கீகரிக்கின்றது. 2020 இல் ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய ஊர்கள் இந்தியாவில் முதன்முதலாக இதனைப் பெற்றன.

காலாப்பட்டைத் தலைமையிடமாகக் கொண்ட புதுவைப் பல்கலைக்கழகம், அந்தமானில் உள்ள தன் போர்ட் பிளேர் வளாகத்தில் பேரிடர் மேலாண்மையைப் பாடமாகக் கற்பிக்கின்றது. போர்ட் பிளேர் 2024 இல் சிறீ விசயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

மரங்கள்

கடலோரத்தில் மரங்களையும் மணல்மேடுகளையும் பேணுவது அலையின் வேகத்தைக் குறைக்கும் என்ற கருத்து 2004 க்குப் பின் வலுப்பெற்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் நாலுவேதபதியில் 2002 டிசம்பரில் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நடப்பட்டன. இம்மரங்கள் பேரலையின்போது ஊரைப் பெருமளவு காத்ததாகக் கூறப்படுகின்றது. கடலூர்க் கடற்கரையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, அடர்ந்த மரங்களின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதம் அடைந்ததாக 2005 இல் தெரிவித்தது. நிலத்தின் உயரமும் கரையிலிருந்து உள்ள தொலைவுமே முதன்மைக் காரணங்கள் எனப் பிற ஆய்வாளர் பின்னர் வாதிட்டனர். மரங்கள் மக்கள் வெளியேறுவதற்கு மாற்றாக அமையா என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

தொடரும் கடலரிப்பு

காலாப்பட்டுக் கடற்கரையில் கடலால் ஏற்படும் இழப்பு 2004 உடன் முடிந்துவிடவில்லை. இக்கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 1980 களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின் இம்மணல் தெற்கே தேங்கியது. வடக்கே புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட, அரிப்பு மேலும் வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என நகர்ந்தது. ஒரு கரையைக் காக்கும் கற்சுவர் அடுத்த கரையின் மணலைப் பறிக்கும் என்பதற்கு இப்பகுதி எடுத்துக்காட்டாகும்.

2022 டிசம்பரில் மாண்டசு புயலின்போது பிள்ளைச்சாவடியில் கரையோர வீடுகள் இடிந்தன. தூண்டில் வளைவும் கற்சுவரும் கேட்டு மீனவர் பலமுறை போராடியுள்ளனர். ஆழிப்பேரலை ஒரு காலையில் செய்ததைக் கடலரிப்பு ஆண்டுக்கணக்கில் மெல்லச் செய்கின்றது. இதற்கு நினைவு நாள் என ஒன்று இல்லை.

பிற நாடுகளில்

நினைவு நடைமுறை அறிவாக வாழ்ந்ததற்குச் சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சிமியுலூ தீவு சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கு 1907 இல் ஏற்பட்ட பேரலையின் நினைவு "சுமோங்" என்ற சொல்லாகவும், பாடலாகவும் கதையாகவும் தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதே அதன் பொருள். 2004 இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 மக்களில் 7 பேர் மட்டுமே இறந்தனர்.

ஜப்பானின் அனேயோசி என்ற ஊரில், 1933 பேரலைக்குப் பின் நாட்டப்பட்ட கல்லொன்று அதற்குக் கீழே வீடு கட்ட வேண்டாம் என அறிவுறுத்துகின்றது. 2011 பேரலை அக்கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் 2009 இல் திறக்கப்பட்ட ஆழிப்பேரலை அருங்காட்சியகம் நினைவிடமாக மட்டுமன்றி, மறு பேரலையின்போது மக்கள் ஏறித் தப்புவதற்கான கட்டடமாகவும் வடிவமைக்கப்பட்டுள்ளது.

பொதுத் துயரம் தானாகவே நல்லிணக்கத்தைத் தருவதில்லை என்பதையும் 2004 காட்டியது. ஆச்சேயில் நெடுநாள் நடந்த போர், 2005 ஆகத்து 15 அன்று எல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாட்டால் முடிவுற்றது. ஏறத்தாழ 35,000 பேரை இழந்த இலங்கையில், அரசும் விடுதலைப் புலிகளும் 2005 இல் செய்துகொண்ட நிவாரணப் பங்கீட்டு உடன்பாடு உயர் நீதிமன்றத்தின் தடையால் செயற்படாது போக, போர் மீண்டும் மூண்டது.

நினைவைக் கைமாற்றுதல்

2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, நவம்பர் 5 ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. இந்நாளில் பள்ளிகளிலும் கடலோர ஊர்களிலும் வெளியேறும் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. புதுச்சேரி, தமிழ்நாட்டுக் கடற்கரையில் துயரத்துக்கான நாள் டிசம்பர் 26 ஆகவும், ஆயத்தத்துக்கான நாள் நவம்பர் 5 ஆகவும் தனித்தனியே உள்ளன.

கடற்கரையில் வாழ்வோரும் அங்கு செல்வோரும் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே:

- கரையில் இருக்கும்போது வலுவான அல்லது நீண்ட நில அதிர்வை உணர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்குச் செல்ல வேண்டும்.
- கடல் திடீரென உள்வாங்கினால் அதனைக் காணச் செல்லக் கூடாது. அது அலை வருவதன் அறிகுறியாகும்.
- பேரலை ஒன்று மட்டும் வருவதில்லை. இரண்டாவது அல்லது மூன்றாவது அலை முதலாவதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.
- தொலைவில் நிகழும் நிலநடுக்கம் இங்கு உணரப்படாமலும் போகலாம். 2004 இல் கடலோர மக்கள் பலர் அதிர்வை உணரவில்லை. எனவே அரசின் எச்சரிக்கையையும் பொருட்படுத்த வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- 2004 இந்தியப் பெருங்கடல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும்
- கடற்கோள்
- காலாப்பட்டு
- காரைக்கால்
- நல்லவாடு
- புதுவைப் பல்கலைக்கழகம்